“துரை” என்றால் கழுத்தில் மணி

1

என் மகன் எங்களோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறான். சண்டை பிடித்துவிட்டுப் பேசாமல் இருந்தாலாவது பரவாயில்லை. இது இங்கிலாந்துக் கோபம். டெலிபோன் எடுத்தால் மரியாதையாகச் சுகம் விசாரிக்கிறான், வேலை அதிகம் என்கிறான், வைத்துவிடுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கிளப் விருந்தில் நானும் இவரும் அவனைத் தலைகுனிய வைத்துவிட்டோமாம். “அவுங்கல்லாம் என்னைப் பத்தி என்னா நினைப்பாங்க?” என்று கேட்டான். என் வயிற்றில் பிறந்தவன் வாயிலிருந்து இதைக் கேட்க வேண்டி வந்ததே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன். யார் பக்கம் நியாயம் என்று ஊரில் இருக்கிற நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

“இவர்” என்றால் என் வீட்டுக்காரர். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தவர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இலங்கைப் பிரஜாவுரிமைக்காக அலைந்து, கடைசியில் அது கையில் கிடைத்த கொஞ்சப் பேரில் நாங்களும் இருந்தோம். அதனால்தான் மகனை இங்கே படிக்க அனுப்ப முடிந்தது. அவன் கணக்காளனாகி, வீடு வாங்கி, எங்களையும் கூப்பிட்டுப் பக்கத்திலேயே தனி வீட்டில் இருத்தினான். இப்போது இவர் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். நான் காலுறைத் தொழிற்சாலையில் ஜோடி சேர்க்கிறேன்.

2

இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் மேற்பார்வையாளர் முதல் நாளே, என்னை மிஸ்டர் என்று சொல்லாதே, கென் என்று சொல் என்றார். பஸ் கண்டக்டருக்கு என் பெயர் தெரியாது, அதனால் “மீ டக்” என்கிறார். டக் என்றால் வாத்து என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் நடையைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்து அன்று முழுவதும் விறைப்பாக நடந்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். இந்தப் பக்கத்து ஜனங்கள் செல்லமாக அப்படித்தான் பேசுவார்களாம்.

அதைவிடப் பெரிய கூத்து என் பெயர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் இங்கே மிஸஸ் சண்முகம். அது இவர் பெயர். கல்யாணமான நாளிலிருந்து என் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாத பெயர். முருகன் சந்நிதியில்கூட ஆறுமுகம், வேலாயுதம் என்று சுற்றி வளைத்துக் கும்பிட்டவள் நான். முதல் தடவை ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது அட்டையை எடுத்து நீட்டினேன். வாயால் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். பின்னால் வரிசை நின்றது. சொன்னேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் அதைச் சளி என்று நினைத்து அனுதாபப்பட்டாள். இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதும் ஒரு கோபம்தான்.

போன மாரிகாலத்தில் கென் ஒரு பஞ்சாபிப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார். மன்னித்துக்கொள் டக் என்று சொல்லித்தான் நிறுத்தினார். அவளும் சரி கென் என்று சொல்லிவிட்டுத் தன் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட விடுகிறவன் நம்மைச் சரிசமமாக நினைக்கிறான் என்று நம்பினால் அது நம் முட்டாள்தனம். அந்தப் பாடத்தை நாங்கள் மாத்தளையிலேயே படித்துவிட்டோம்.

3

மாத்தளை டவுனில் அப்போது ஒரு சேவைக் கிளப் இருந்தது. பெயர் வேண்டாம். டாக்டர்மார், வழக்கறிஞர்கள், ஒரு பேங்க் மனேஜர், மெயின் வீதியில் கராம்பு, ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்த ஹாஜியார் ஒருவர், சுற்றுவட்டாரத் தோட்டங்களை நடத்துகிற துரைமார் சிலர். மாதத்துக்கு ஒரு தடவை ரெஸ்ட் ஹவுஸில் கூடிச் சாப்பிடுவார்கள். தலைவர் யாழ்ப்பாணத்து வழக்கறிஞர், தமிழ்ப் பற்றுள்ளவர். அழைப்பிதழைத் தமிழிலும் அடிக்க வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார். அதில் முதல் வரி “தோழமை” என்று இருக்கும். தோழமை என்றால் சாப்பாட்டுக்கு முந்தி விஸ்கி குடிப்பது. இவருக்கு அந்தத் தோழமை ஒரு கிளாஸ் ஜிஞ்சர் பீரோடு முடிந்துவிடும்.

நல்லது ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கண் தெரியாத கிழவிகளுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். வாங்கிப் போட்டவர்கள் அடுத்த நாளே சுளகில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கியதை நானே பார்த்தேன். நாவுலயில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டினார்கள். கூரையைவிடக் கிளப் பெயர்ப்பலகை பெரிதாக இருந்தது, மழைக்குப் பலகையின் கீழே நின்றுகொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ரிவர்ஸ்டனுக்குப் பிக்னிக். பெண்கள் நாங்கள் கட்லட் பொரித்துக்கொண்டு போவோம். என் கட்லட்டை எல்லோரும் பாராட்டுவார்கள், என் பக்கத்தில் உட்கார ஆள் வரமாட்டார்கள்.

ஒரு தோட்டத்து டிஸ்பென்சர் அந்தக் கூட்டத்துக்குள் எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். எங்கள் துரைதான் சேர்த்துவிட்டார். வெள்ளைக்காரத் துரை கப்பல் ஏறின பிறகு வந்த நம் நாட்டுத் துரை அவர். தோட்டங்களில் சேவை செய்ய வேண்டும் என்று கிளப் முடிவெடுத்ததாம், தொழிலாளிகளோடு பேசிப் பழகக்கூடிய ஒருவர் வேண்டுமாம். இவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, அடுத்த சனிக்கிழமை முதல் நீ கிளப் அங்கத்தவன் என்று சொன்னார். விருப்பமா என்று கேட்கவில்லை. சிநேகிதனாக இருக்கச் சொல்லி உத்தரவு போட்டதை நான் அங்கேதான் கண்டேன்.

4

அந்தக் கிளப்பில் ஒரு விதி இருந்தது. உள்ளே வந்துவிட்டால் எல்லோரும் சமம். டாக்டர் இல்லை, சேர் இல்லை, துரை இல்லை. சட்டையில் குத்திய பேட்ஜில் என்ன செல்லப் பெயர் இருக்கிறதோ அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எங்கள் துரையின் பேட்ஜில் “ரெஜி”. இவர் பேட்ஜில் “சண்”. பெற்றவர்கள் முருகன் பெயர் வைத்தார்கள், கிளப் பாதியை வெட்டியது.

விதியை மீறினால் தண்டனை. அதற்கென்றே குறும்புக்காரர் ஒருவரை நியமித்திருந்தார்கள். ஒரு மாட்டுமணியை நாடாவில் கோத்து வைத்திருப்பார். யாராவது “சேர்” என்றோ “துரை” என்றோ சொல்லிவிட்டால், அந்த மணியைக் கழுத்தில் மாட்டிவிடுவார். சாப்பாடு முடியும்வரை கழற்றக்கூடாது. மற்றவர்கள் கழுத்தில் அந்த மணி எப்போதாவது ஒரு தடவை ஏறும். இவர் கழுத்தில் மாதா மாதம் ஏறியது. துரையைப் பார்த்தவுடன் இவர் வாயில் “துரை” வந்துவிடும். வேறு எப்படி வரும்? பிறந்ததிலிருந்து பழகிய வாய். சோற்றில் குனியும்போதெல்லாம் மணி அடிக்கும், மேசை முழுக்கச் சிரிக்கும். மனிதர் அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்ததாக வீட்டுக்கு வந்து சொல்லுவார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. இனிப் போக வேண்டாம் என்றேன். துரை கோபித்துக்கொள்வார் என்றார்.

கடைசியில் இவர் ஒரு முடிவுக்கு வந்தார். ரெஜி என்று சொல்லப் பழகிவிட்டால் மணிக்கு வேலை இல்லை. குசினிக்குள் நின்று சுவரைப் பார்த்து “ரெஜி, ரெஜி” என்று சொல்லிப் பார்ப்பார். நான் அம்மியில் அரைத்துக்கொண்டே திருத்துவேன். சொல்லிவிட்டு, யாரும் கேட்டுவிட்டார்களோ என்று ஜன்னலை எட்டிப் பார்ப்பார். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு காந்துகிறது.

5

கிளப்பின் அந்த வருஷத்துப் பெரிய வேலை எங்கள் தோட்டத்தில் பீலி போடுவது. மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் இறக்குவதைத்தான் பீலி என்போம். அதற்கு முன் பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்க வேண்டும். ஆகவே அது நல்ல வேலைதான். திறப்பு விழாவுக்குத் தோட்டமே கூடியது. ரிப்பன், பெரிய கத்தரிக்கோல், போட்டோக்காரர், எல்லோர் சட்டையிலும் பேட்ஜ். இவரை நன்றியுரை சொல்லச் சொன்னார்கள்.

இவர் பேச எழுந்தபோது, குறும்புக்காரர் அந்த மணியைச் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே எடுத்துக் காட்டிக் கண்ணடித்தார். கிளப் கூட்டம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. லயத்து ஜனங்களுக்கு முன்னால் கழுத்தில் மணியோடு நிற்க வேண்டுமே என்று இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் சொன்னார், தடுமாறாமல் “ரெஜி” என்றார். கிளப் கை தட்டியது. துரையும் கை தட்டினார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஜனங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தமிழிலும் தொடங்கினார்.

“இந்தப் பீலிய நம்ம ரெஜி நமக்குக் கொண்டாந்து குடுத்திருக்காங்க.”

இங்கிலீஷில் அது வெறும் பெயர். தமிழில், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லாமல் ஒருவரைப் பெயர் சொன்னால் அது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இவருக்கும் தெரியும். அதனால்தான் பெயரில் வைக்க முடியாத மரியாதையை எல்லாம் கொண்டுபோய் “குடுத்திருக்காங்க” என்பதில் வைத்தார். பேட்ஜ் குத்தியிருக்கும்போது மேசை விதி மலையிலும் செல்லும் என்று அந்த அப்பாவி மனிதர் நம்பினார்.

லயத்து ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். துரை சிரித்த முகத்தோடுதான் நின்றார், கை மட்டும் தட்டவில்லை. குறும்புக்காரர் வந்து இவர் முதுகில் தட்டி, ஜெயித்துவிட்டாய் சண் என்றார்.

ஆனால் அந்த வாரம் முழுக்கப் பீலியடியில் குளிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் பாட்டு. “நம்ம ரெஜி கொண்டாந்து குடுத்திருக்காங்க” என்று ஒருவன் தொடங்குவான், மற்றவர்கள் தண்ணீரை அடித்து அடித்துச் சொல்லுவார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்தான். நான் அதட்டினேன், காதைத் திருகினேன். ஒரு நாள் துரையின் ஜீப் லயத்தைக் கடக்கும்போது பின்னாலேயே ஓடி “ரெஜி, ரெஜி” என்று கத்தினார்கள்.

6

அடுத்த நாள் காலையில் இவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே கூப்பிடவில்லை. தொழிலாளிகள் வந்து குறை சொல்லும் ஜன்னலடியில் நிற்கச் சொன்னார்கள். அன்று அங்கே ஏற்கெனவே ஜனங்கள் நின்றிருந்தார்கள். துரை இவரோடு எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அன்று எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் பேசினார்.

“கிளப்புல நான் ரெஜி. இங்க நான் யாரு? சொல்லு.”

“தொரைங்க.”

“சத்தமா சொல்லு.”

“தொரைங்க.”

தோட்டத்துக்கு இனி டிஸ்பென்சர் தேவையில்லை, மாதம் முடிய குவாட்டர்ஸை விட வேண்டும் என்று ஜன்னலை மூடிவிட்டார். பிரசவத்துக்கும் வயிற்றோட்டத்துக்கும் இரவு பகல் பாராமல் லயம் லயமாக ஓடிய மனிதர். டிஸ்பென்சர் தேவையில்லையாம். காரணம் கேட்டால் சொல்ல முடியுமா? என்னை என் பெயரால் கூப்பிட்டான் என்று எந்தச் சங்கத்துக்கு, எந்தக் கோர்ட்டுக்குத் துரை பதில் எழுதுவார்?

இவர் மூன்று வார்த்தையில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு, பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன்.

கிளப் தலைவர் கோர்ட்டுக்கு எதிரே இருந்த தன் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தேத்தண்ணி வந்தது. எல்லாவற்றையும் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை நான் மறுக்கவில்லை. பிறகு சொன்னார்:

“டீச்சர், கிளப் வேற, தோட்டம் வேற. ஒரு அங்கத்தவரின்ர தொழில் விசயத்துக்குள்ள நாங்கள் தலையிட ஏலாது. அது எங்கட தோழமையக் கெடுத்துப் போடும்.”

யாருடைய தோழமை என்று கேட்டேன். கிளப் போட்ட விதியை நம்பித்தானே இவர் பேசினார் என்று கேட்டேன். விதி நல்ல மனசோடு போட்டதுதான், எங்கே சொல்வது எங்கே சொல்லாமல் விடுவது என்று சண் யோசித்திருக்கலாம் என்றார். அந்த நேரத்திலும் சண் என்றுதான் சொன்னார். தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வந்தேன். என் வாழ்க்கையில் ஒருவர் கொடுத்த தேத்தண்ணியை நான் வேண்டாம் என்றது அன்று மட்டும்தான்.

ஹாஜியார் தன் கடைக்கு மேல் இருந்த அறைகளை எங்களுக்கு விட்டார். இவருக்கு டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. கண்டியில் விடுதியில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு, டவுன் வசதி என்று மாறிவிட்டோம் என்று எழுதினோம். உண்மையைச் சொல்லக்கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பிள்ளை யார் முன்னாலும் கூச்சப்படாமல் வளர வேண்டுமாம்.

ஒரு மாதம் கழித்து கிளப்பிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அந்த மாட்டுமணி. நன்றாக மினுக்கி, “எங்கள் அன்புச் சண்ணுக்கு” என்று எழுத்து வெட்டி அனுப்பியிருந்தார்கள். கேலிக்காக அனுப்பவில்லை. அன்பாகத்தான் அனுப்பினார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், பிடுங்கி எடுத்தேன். நாவுலயில் என் தங்கை வீட்டில் ஒரு எருமை நின்றது. அதன் கழுத்தில் கட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

7

இனிப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மகனை இந்த ஊர்ச் சேவைக் கிளப்பில் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் நிறத்தில் அவன் ஒருவன்தான், அதில் அவனுக்குப் பெருமை. குடும்பங்களை அழைத்து மத்தியானச் சாப்பாடு. இவர் கோட் போட்டார். நான் காஞ்சிபுரம் உடுத்தேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் வாசலில் ஒருத்தி இரண்டு பேருக்கும் பேட்ஜ் குத்தினாள். இவருடையதைக் குனிந்து பார்த்தேன். “சண்”.

இவர் என்னைப் பார்த்தார்.

கிளப் தலைவர் வயசான, சிரித்த முகமுள்ள வெள்ளைக்காரர். இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தானே சூப் தட்டை நகர்த்திக் கொடுத்தார். இவர் பழக்கத்தில் “தேங்க் யூ, சேர்” என்றார். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஆள் கரண்டியால் கிளாஸைத் தட்டிக்கொண்டு எழுந்தான். கையில் ஒரு பீங்கான் பன்றி உண்டியல். இங்கே சேர் கிடையாது, தலைவர் பெயர் பில், விதியை மீறியதற்கு அபராதம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். மண்டபம் சிரித்தது. நான் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். ஊர் ஊராக, நாடு நாடாக இதே விளையாட்டைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சில்லறையை எடுத்துப் பன்றிக்குள் போட்டார். அந்த ஆள் விடவில்லை. இப்போது சரியாகச் சொல்லுங்கள் பார்ப்போம், தேங்க் யூ பில் என்றான். மேசை முழுவதும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. மகன் இவர் பக்கம் குனிந்தான்.

“சும்மா சொல்லுங்கப்பா. வெளையாட்டுதானே.”

இவர் எழுந்து நின்றார். கோட் பொத்தானைப் போட்டார். தலைவரைப் பார்த்து, நிதானமாக, “தேங்க் யூ, சேர்” என்றார். இன்னொரு சில்லறையைப் பன்றிக்குள் போட்டார்.

பெரிய சிரிப்பு. பகிடிக்காரர் என்று நினைத்தார்கள். இவர் மறுபடியும் “தேங்க் யூ, சேர்” என்றார். மறுபடியும் போட்டார். இரண்டாம் தரம் சிரித்தவர்களில் மூன்றாம் தரம் பாதிப் பேர்தான் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. ஒரு “சேர்”, ஒரு சில்லறை. குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. பன்றியைப் பிடித்திருந்தவனுக்குக் கையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியவில்லை. சில்லறை விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

மகனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. “போதும்பா, உட்காருங்க. ஏன் இப்பிடிப் பண்றீங்க?” என்றான் அடிக்குரலில்.

இவர் அவனைப் பார்த்துத் தமிழில் சொன்னார். இத்தனை வருஷத்தில் இவர் இதைப் பற்றி வாய் திறந்தது அது ஒரு தடவைதான்.

“ரெஜின்னு சொல்ல அவுங்க உட்டாங்க, அவுங்களே எடுத்துக்கிட்டாங்க. இது நானா குடுக்கிறது தம்பி. இத யாரும் எங்கிட்ட இருந்து எடுக்க முடியாது.”

ரெஜி யார் என்று அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லக்கூடாது என்ற சத்தியத்தை நான் இன்றும் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அச்சில் வந்தால் அவன் வாசிக்கமாட்டான், அவனுக்குத் தமிழ் எழுத்து மறந்துவிட்டது.

தலைவருக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று விளங்கியிருக்க வேண்டும். முகம் வெளுத்து, இவர் கையைப் பிடித்து, போதும் சண், தயவு செய்து உட்காருங்கள் என்றார்.

“யெஸ், சேர்” என்றார் இவர். பையைத் தடவினார். சில்லறை தீர்ந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினார்.

நான் கைப்பையைத் திறந்தேன்.